யாரைப் பார்த்து வளர்கிறோம்?

"வளர்ந்து என்னவாக வரப்போகிறாய்?" என்று எமது பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்கிறோம். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் என்று பதில் வரும். இடம்பெயர்ந்தோர் முகாம்களில் வேறொரு பதிலும் அடிக்கடி வந்தது. கொடி கட்டிய வாகனத்தில் வந்து, கையில் கோவையுடன் இறங்கி, பெயர் பதிந்து, பொருட்களைப் பங்கிடும் உத்தியோகத்தராக வரவேண்டும் என்று சிறுவர்கள் சொன்னார்கள். இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு, மனம் நொந்தவர்களும் உண்டு. எமக்கு இதில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. பிள்ளை தான் கண்டவர்களுக்குள்ளிருந்துதான் தனக்கு ஒருவரைத் தெரிவுசெய்ய முடியும். தகப்பன் வரம்பில் நின்று வாய்க்கால் தண்ணீரை மறித்துவிட்டதை அந்தப் பிள்ளை கண்டதில்லை. நிவாரண வரிசையில் தகப்பன் நின்றதையே கண்டது. வரிசையின் மறுபக்கத்தில் நின்றவர் அதற்குப் பெரிய ஆளாகத் தெரிந்ததில் என்ன பிழை?

வாழ்க்கையின் இலக்கு என்பதை நாம் வழமையாக ஒரு தனி மனிதரின் மன உறுதியாகவே பேசுகிறோம். "உறுதி எடு, உழை, உயர்வாய்" என்று பரிசளிப்பு விழாக்களில் பேச்சாளர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். உண்மை அவ்வளவு இலகுவானதல்ல. இலக்கு பெரும்பாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. ஒருவர் செய்வதைக் கண்ணால் கண்டோ, ஒரு துன்பத்தின் நடுவில் அகப்பட்டோதான் மனிதர் தம் வழியைத் திருப்புகிறார்கள். எமது வன்னி மண்ணிலேயே இதற்கு உதாரணம் உண்டு. இன்று எமது பிள்ளைகளுள் பலருக்கு அந்தப் பெயர்கள் தெரியாதிருப்பதால் அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

வவுனியாவில் இருவர்

தீவகத்தின் கரம்பொன்னில் 1924இல் பிறந்தவர் எஸ். ஏ. டேவிட். கட்டடக்கலைஞர். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் கற்று, பின்னர் ஆபிரிக்காவில் கென்யாவின் மொம்பாசா நகரிலும் தொழில் செய்தவர். வைத்தியர் எஸ். இராசசுந்தரம் இங்கிலாந்திலிருந்து திரும்பி வவுனியாவில் வைத்தியம் செய்தவர். இருவருக்கும் நல்ல தொழில் இருந்தது. வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். இவ்விருவரும் சேர்ந்து 1970களின் பிற்பகுதியில் வவுனியாவைத் தளமாகக் கொண்டு வளர்த்த அமைப்பே காந்தியம்.

அந்தக் காலத்தை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1970களின் முற்பகுதியில் மலைநாட்டுத் தோட்டங்களில் பட்டினி பரவியது. 1977 ஆகஸ்டில் இனக்கலவரம் நடந்தது. வீடும் வேலையும் இழந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமாக வந்து சேர்ந்தன. குளிரிலும் தேயிலையிலும் பழகிய கைகள் அவை. வறண்ட காட்டை வெட்டி, கிணறு தோண்டி, மழை பார்த்து விதைக்கும் வாழ்வு அவர்களுக்குப் புதிது. இன்று கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் மலையக வேர் கொண்ட குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்களுடைய பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டால் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த கதையைச் சொல்வார்கள்.

அந்த மக்களுக்கு இவ்விருவரும் என்ன செய்தார்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள். இராசசுந்தரம் வைத்தியத்தை விட்டுவிட்டு அரசியல் பேசப் போகவில்லை. வைத்தியம் கிராமங்களுக்குப் போகும்படி செய்தார். நடமாடும் சிகிச்சை நிலையங்கள் சென்றன. சிறுவர் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குச் சத்துணவு கொடுக்கப்பட்டது. கிராமத்து இளம்பெண்கள் பயிற்றப்பட்டு அந்தப் பாடசாலைகளின் ஆசிரியைகளானார்கள். திட்டமிட்டுக் கட்டுவது டேவிட்டின் தொழில். மாளிகைகளுக்குப் படம் கீறிய கை, குடியேற்றங்களையும் பண்ணைகளையும் ஒழுங்குசெய்ய உதவியது. கற்ற கல்வி முன்பு கற்ற அதே கல்விதான். அது யாருக்காக என்பதுதான் மாறியது.

காந்தியம் என்ற பெயரே அவர்களுக்கு வழிகாட்டியவர் யாரென்று சொல்லிவிடுகிறது. அந்தக் காந்திக்கும் ஒருவர் வழிகாட்டியிருந்தார். 1904இல் தென்னாபிரிக்காவில், ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து டர்பனுக்குச் செல்லும் புகையிரதத்தில், நண்பர் போலாக் கொடுத்த ஜோன் ரஸ்கினின் நூலொன்றை அவர் இரவிரவாக வாசித்தார். உடலால் உழைப்பவரின் வாழ்வே வாழத்தக்கது என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது. அதே ஆண்டில் டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் என்ற இடத்தில் காணி வாங்கிப் பண்ணை அமைத்தார். ரஸ்கின் ஓர் ஆங்கிலேய எழுத்தாளர். அவர் எழுதியது ஒரு குஜராத்தி வழக்கறிஞரைத் தொட்டது. அந்த வழக்கறிஞரின் வாழ்வு பல ஆண்டுகளின் பின் கரம்பொன்னில் பிறந்த ஒரு கட்டடக்கலைஞரைத் தொட்டது. முடிவில் பயன் பெற்றது, தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியாக் காட்டோரத்தில் இறங்கிய ஒரு பிள்ளை. எழுதியவருக்கு இது எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த முயற்சி நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. 1983 ஏப்ரலில் இருவரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார்கள். வெலிக்கடைச் சிறையில் 1983 யூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது, இரண்டாம் நாளில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். வந்தவர்களோடு பேச முற்பட்டவேளையில் அவர் வெளியே இழுக்கப்பட்டார் என்று உயிர் தப்பியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். டேவிட் தப்பினார். மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, அங்கே அதே ஆண்டு செப்டெம்பரில் நடந்த சிறை உடைப்பில் வெளியேறி, தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகதியாக வாழ்ந்தார். 2015இல், முதிர்ந்த வயதில், நாடு திரும்பினார். அதே ஆண்டு ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். அவருக்கு அப்போது வயது 91. வசதியான நாடுகளில் வாழ்ந்தவர் கடைசியில் எங்கே வந்து கண்மூடினார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

துன்பம் எந்தப் பக்கம் திருப்புகிறது

காந்தியத்தின் மூலம் மலையகக் குடும்பங்கள் தங்கிய இடங்களுள் கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்பவையும் உண்டு. 1984இல் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகளும் அவர்களது குடும்பங்களும் குடியிருத்தப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் அங்கிருந்த ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் அரைகுறையாகிவிடும். துன்ப அனுபவம் மனிதரை நல்ல இலக்குக்கு மட்டுமே இட்டுச் செல்லும் என்று ஒரு விதியும் இல்லை. ஒரே காணி. ஒரே இழப்பு. அதிலிருந்து பாலர் பாடசாலையும் பிறந்தது, பழியும் பிறந்தது. எமது வீடுகளில் இழப்பின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, யார் எமக்குச் செய்தார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறோமா, அதன் பிறகு யார் என்ன செய்து எழுந்தார்கள் என்பதையும் சொல்கிறோமா? இந்த இரண்டாவது பாதியை எமது மக்கள் குறைவாகவே சொல்கிறார்கள் என்பது எமது அவதானம்.

துன்பத்தைக் கண்ணால் காணாமல், கணக்கில் கண்டு மாறியவரும் உண்டு. ஜே. சி. குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்காளராகப் பயின்று பம்பாயில் தொழில் நடத்தினார். பின் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் கற்றார். இந்தியாவின் வறுமைக்கும் அங்கே அறவிடப்பட்ட வரிக்கும் என்ன தொடர்பு என்று ஆராயப்போய், தான் அதுவரை மதித்த ஆட்சியின் கணக்கு எத்தகையது என்பதைக் கண்டுகொண்டார். 1929இல் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மேல்நாட்டு உடையில் நின்ற அவருக்கு முன்னால், சாணம் மெழுகிய நிலத்தில், மரத்தின் கீழே இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார் காந்தி. குமரப்பா தன் ஆய்வை அச்சிடுவது பற்றிப் பேச வந்தவர். காந்தியோ குஜராத்தின் கிராமங்களில் பொருளாதார ஆய்வு ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டார். தமக்குக் குஜராத்தி மொழி தெரியாதே என்றார் இவர். உதவிக்கு மாணவர்கள் கிடைத்தார்கள். கேடா மாவட்டத்தின் மாதர் தாலுகாவில் வீடு வீடாகப் போய் விவசாயியின் வரவையும் செலவையும் எழுதினார்கள். 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. இறுதி ஆண்டுகளை மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து 1960இல் மறைந்தார்.

கம்பனிகளின் கணக்குப் பார்த்தவர் குடியானவரின் கணக்கைப் பார்த்தார். டேவிட்டிடமும் இராசசுந்தரத்திடமும் கண்ட அதே செய்திதான். இவர்கள் எவரும் தம்மிடமிருந்த திறமையை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை.

விதைக்குத்தான், சுவாமி

இப்படிச் சொன்னதும் சிலர் கேட்பார்கள்: "அவர்கள் படித்தவர்கள். எங்களிடம் என்ன இருக்கிறது? காணியும் போய்விட்டது." நியாயமான கேள்விதான். ஆயினும் காணி போனவுடன் விவசாயியிடம் இருந்த எல்லாமே போய்விடுவதில்லை. எந்த மண்ணில் எந்த நெல் நிற்கும், வாய்க்கால் தண்ணீரை எப்போது மறிக்கவேண்டும், உழுந்து விதையைச் சாம்பல் கலந்து எப்படிப் பேணுவது, மாடு தீன் எடுக்காவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது, இவையெல்லாம் காணி உறுதியில் எழுதப்பட்டவையல்ல. தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் அவை கூடவே வந்தன.

2009இன் பிற்பகுதியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் நாம் ஒரு தாயைச் சந்தித்தோம். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே இருந்த முழ அகல இடத்தில் பயற்றங்கொடி ஒன்றைக் கயிறு கட்டி ஏற்றியிருந்தார். தண்ணீர் அளந்து கிடைத்த இடம் அது. முகம் கழுவிய தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் அந்தக் கொடிக்குப் போயின. காய்கள் முற்றிக் காயும்வரை விட்டிருந்தார். பிள்ளைகளுக்குக் கறிக்கு ஆகுமே, ஏன் பறிக்கவில்லை என்று கேட்டோம்.

"விதைக்குத்தான், சுவாமி. ஊருக்குப் போனால் விதை வேணுமெல்லோ. தொண்ணூற்றாறில கிளிநொச்சியில இருந்து அக்கராயனுக்கு ஓடினபோது என்ர மாமி விதையைச் சீலைத் தலைப்பில முடிஞ்சுதான் கொண்டு வந்தவா. நான் பார்த்துக்கொண்டு நடந்தனான்."

ஊருக்கு எப்போது போகலாம் என்று அன்று யாருக்கும் தெரியாது. முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். அந்தத் தாய் எந்தக் கருத்தரங்குக்கும் போய் இலக்கு நிர்ணயிக்கக் கற்கவில்லை. மாமியின் சீலைத் தலைப்பைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான். அன்று எமது கவனம் கொடியின் பக்கத்தில் நின்ற அவரது மகளின் மேலே சென்றது. எட்டு வயதிருக்கும். எந்தக் காய் முற்றியது, எது இன்னும் பச்சை என்று எமக்குத் தொட்டுக் காட்டியவள் அவள்தான்.

ஆசைக்கும் இலக்குக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில் சொல்லிவிடலாம். "எங்கள் காணி திரும்பக் கிடைக்கவேண்டும்" என்பது ஆசை. அது நியாயமான ஆசை, உரிமையுங்கூட. அதற்காக இன்று என்ன செய்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்போதே அது இலக்காகிறது. கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017இல் ஏறக்குறைய ஒரு மாதம் படைமுகாம் வாசலில் வெயிலிலும் பனியிலும் குழந்தைகளோடு இருந்தார்கள். மார்ச் முதலாம் திகதி அவர்களுடைய காணிகள் விடப்பட்டன. அதைக் கண்ட வேறு ஊர் மக்களும் துணிவு பெற்றார்கள். எல்லா ஊருக்கும் அதே பலன் கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை. சொந்தக் காணிக்கு வெளியே இன்னமும் வாழும் குடும்பங்கள் இதை வாசிக்கிறார்கள் என்பது எமக்குத் தெரியும். காணிக்காகக் காத்திருக்கும் காலத்திலும் பழைய அனுமதிப்பத்திரப் பிரதி, வரிப் பற்றுச்சீட்டு, அயலவரின் சாட்சி என்று கையில் சேர்க்கக்கூடியவை உண்டு. ஒரு கோவையில் இட்டுப் பத்திரப்படுத்துவதும் இலக்கை நோக்கி வைக்கும் அடிதான்.

இங்கே ஒரு தயக்கத்தோடு இன்னொன்றையும் எழுதுகிறோம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தமது போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களுள் பலர் விடையறியாமலே இறந்துபோனார்கள். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்திருக்கும் ஒரு தாயிடம் போய், "பழையதை மறந்து புதிய இலக்கை வையுங்கள்" என்று யாரும் சொல்லவேண்டாம். சில பயிற்சிக் கூட்டங்களில் இப்படிச் சொல்லப்பட்டதை நாம் கேட்டிருக்கிறோம். தேடுவதும் ஓர் இலக்குத்தான். அந்த வீட்டில் வளரும் மற்றப் பிள்ளைகள் கண்ணீரை மட்டுமே பார்த்து வளராமல் இருக்க, அந்தத் தாய் முன்பு செய்த தோட்டத்தையோ தையலையோ கோழி வளர்ப்பையோ அயலவர் கூடநின்று மறுபடி தொடங்க உதவலாம். அவர் கேட்டால் மட்டும்.

வீட்டில் செய்ய ஒரு வேலை

ஒவ்வொரு குடும்பமும், அல்லது மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ கூடும் ஒரு மாலையில், இந்தப் பாடத்தை இப்படிச் செய்து பார்க்கலாம். முதலில் வயதில் மூத்தவரைப் பேசவிடுங்கள். "உங்களை இந்தத் தொழிலுக்குப் பழக்கியவர் யார், ஐயா?", "பெரியம்மா, நீங்கள் யாரைப் பார்த்துத் துணிந்தீர்கள்?" என்று பிள்ளைகளே கேட்கட்டும். பேரனுக்குச் சொல்லும்போது பெரியவர்கள் மனம் திறப்பார்கள். எம்மிடமோ உத்தியோகத்தர்களிடமோ அப்படிச் சொல்லமாட்டார்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன வேலை, யாருடைய பெயர் என்று ஒரு கொப்பியில் பிள்ளை எழுதவேண்டும். பிழை திருத்தவேண்டாம்.

அடுத்துப் பிள்ளையின் முறை. "என்னவாக வரப்போகிறாய்?" என்று கேட்காதீர்கள். "யாரைப் போல?" என்று கேளுங்கள். விடை பட நடிகராக இருக்கலாம், கிரிக்கெட் வீரராக இருக்கலாம், வெளிநாட்டிலுள்ள மாமாவாக இருக்கலாம். கண்டிக்கவேண்டாம். அவரிடம் எது பிடித்தது என்று தொடர்ந்து கேட்டால் ஒரு குணம் வெளியே வரும். மாமா அனுப்பும் பணம் பிடித்திருக்கிறதா, அல்லது வீட்டாரை மறக்காத அந்த மனம் பிடித்திருக்கிறதா என்பது தெரியவரும். பிடித்த குணமுள்ள இன்னொருவரை ஊருக்குள்ளேயே காட்ட முடிந்தால் பிள்ளை நேரில் போய்ப் பார்க்கலாம்.

பெற்றோருக்கும் கேள்வி உண்டு. இந்தப் போகத்துக்குள் முடிக்கக்கூடிய ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். பத்து வருடத் திட்டம் இப்போதைக்கு வேண்டாம். நுண்கடன் நிறுவனத்தின் கிழமைத் தவணையில் ஒன்றையாவது கடன் வாங்காமல் கட்டுவது. கிணற்றடியில் இருபது கத்தரி நடுவது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. ஏதாவது ஒன்று. அதற்கு உங்களிடம் ஏற்கெனவே உள்ள திறமை எது, அதனால் வேறு யாருக்காவது பயன் உண்டா என்று இருவரும் கூடிப் பேசுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் வேறொன்றைத் தெரிவுசெய்வது நல்லது என்பது எமது அபிப்பிராயம். தனக்கு மட்டும் என்று தொடங்கியவை முதல் வரட்சியிலேயே கைவிடப்படுவதைக் கண்டிருக்கிறோம். அயலவர் எதிர்பார்த்திருக்கும் வேலையை அவ்வளவு இலகுவில் கைவிட முடியாது.

பெரும்போக மழைக்கு முன்னர் வயலில் வேலை குறைந்த சில கிழமைகள் கிடைக்கும். ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்து, அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். கொப்பியும் பேனையும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.